டேங்க் அடிக் குழு வீடு மாறிய கதை

1

விடுமுறைக்கு ஊருக்கு வந்த நான்காம் நாள். அண்ணனூரில் அப்பா வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். செல்வத்திடமிருந்து போன்.

"இன்னா கலா, மெயிலு பாத்தியா?"

"இல்லையே. என்ன?"

"ஊட்ட காலி பண்ணச் சொல்ட்டானுங்க நம்மள. செப்டம்பர் கடைசி வரைக்கும் டைமு. அதுக்கப்பால அல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம்."

ஒரு நிமிடம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் சொன்ன வீடு கல்லும் மண்ணும் சேர்ந்த வீடல்ல என்று புரிந்த பிறகுதான் கையிலிருந்த ஈரச் சேலையைக் கொடியில் போட்டேன்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. எங்கள் வரிசைக்குப் பின்னால் ஓர் உயரமான தண்ணீர் டேங்க். சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் எல்லோரும் அதன் அடியில்தான் கிடப்போம். சுற்றுப்பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் அங்கே வருவார்கள். அப்படி வந்தவன்தான் செல்வம். அவன் அப்பா அம்மா இருவரும் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவன் என் வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டி.

பிறகு ஆளுக்கொரு திசையாகப் போனோம். செல்வம் கரையான்சாவடியில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தான். வெளிநாடு போன நாலைந்து பேருக்காக அவன் ஆரம்பித்ததுதான் 'டேங்க் அடி' என்ற மின்னஞ்சல் குழு. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். இருபத்து மூன்று வருடங்களில் குழு முந்நூறு பேராக வளர்ந்தது. பிரவுசிங் சென்டர் இப்போது ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. குழுவைப் பார்த்துக்கொள்வது நாங்கள் இருவரும்தான். அவன் அங்கிருந்து, நான் ஜெர்மனியில் பிரேமன் நகரத்திலிருந்து.

இத்தனை காலமும் எங்களை வைத்திருந்த நிறுவனம் இப்போது அந்தச் சேவையையே மூடுகிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஓசியில் இருந்தோம்.

2

"போன்ல ஒரு குரூப்பு கீதே, அது போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் செல்வமே பதில் சொன்னான்.

"அதுல இன்னா கீது? காலைல ரோசாப்பூ, சாயங்காலம் செவ்வந்திப்பூ. பாபு மெயிலு கீதா அதுல?"

போன் குரூப் பேச்சு அதோடு நின்றது. எங்கள் பாபு நான்கு வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போனவன். குழுவில் அறுநூறு மடலாவது எழுதியிருப்பான். அத்தனையும் கிண்டல். பட்டாபிராமில் இருக்கும் அவன் மனைவி மாலதி, மனசு சரியில்லாத நாட்களில் அவற்றைத் திறந்து படித்துச் சிரிப்பாளாம். எனக்கு அவளே சொன்னது. செப்டம்பர் முடிந்தால் பாபுவின் குரலும் அழிந்துவிடும்.

புது இடம் தேடினோம். ஓரிடத்தில் இத்தனை பேரைச் சேர்க்க முடியாது. இன்னோரிடத்தில் ஆட்களைச் சேர்ப்பார்கள், பழைய மடல்களை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் எனக்கு என் பிரேமனிலேயே ஒன்று அகப்பட்டது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் கூட்டுறவு. குடியிருப்போர் சங்கம், கோரஸ் பாடுகிறவர்கள், தோட்டம் போடுகிறவர்கள் என்று இப்படிப்பட்ட குழுக்களுக்கு மட்டும் இடம் தருகிறார்கள். பழைய மடல்களையும் வாங்கிக்கொள்வார்கள்.

செல்வத்தின் கடையில், அவனுடைய பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். ஜெர்மன்காரர்கள் விண்ணப்பம் என்றால் சும்மா விடமாட்டார்கள். குழுவின் நோக்கம் என்ன? குழுவில் முடிவெடுப்பது யார்? சண்டை வந்தால் தீர்ப்பது எப்படி?

"எய்து, தானா தீந்துடும்னு," என்றான் செல்வம்.

குழுவின் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தேன். 'டேங்குக்கு அடியில்.' நாங்கள் யார் என்ற கேள்விக்கு, 'ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடும்பங்களின் பிள்ளைகள்.' அனுப்பிவிட்டு எதிரே இருந்த கடையில் பஜ்ஜி தின்றோம்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. எழுதியிருந்தவர் ஊட்டே என்ற பெண்மணி. ஆவடியைப் பற்றி இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். அங்கே செய்வது போர் டேங்க் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். 'எங்கள் விதிகளின்படி ஆயுத உற்பத்தியோடு தொடர்புள்ள அமைப்புகளுக்கு இடம் கிடையாது. உங்கள் குழுவின் பெயரே கவலை தருகிறது. விளக்கவும்.'

செல்வம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தண்ணி டேங்க்குனு எய்திப் போடு கலா. பாசி புடிச்ச தண்ணி டேங்க்கு."

எழுதினேன். மறுநாளே அடுத்த மடல். 'பெயர் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது. உங்கள் பெற்றோர் அந்தத் தொழிற்சாலையில் துல்லியமாக என்ன செய்தார்கள்?'

எனக்குப் பதில் தெரியவில்லை.

3

நாற்பத்தேழு வயதாகிறது எனக்கு. அப்பா காலை ஏழு மணிக்கு சைக்கிளில் போவார், சைரன் ஊதியதும் வருவார் என்பது தெரியும். அவர் டிபன் பாக்ஸின் நெளிவுகூடத் தெரியும். உள்ளே போய் என்ன செய்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் கேட்டேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அதெல்லாம் வெளில சொல்லக் கூடாதும்மா. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"ரிட்டயர் ஆகி பத்தொன்பது வருஷம் ஆச்சுப்பா."

"அதனால என்ன? போட்ட கையெழுத்து போட்டதுதானே?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாப்பத்தெட்டு வருஷமா குடித்தனம் பண்றேன். எனக்கே சொன்னதில்ல. நீ கேட்டா சொல்லிடுவாராக்கும்?"

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறார். மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"சீட்டு," என்றார்.

வாயில் நுரையோடு திரும்பினேன்.

"டிரைவர் உக்கார்ற சீட்டு. அதுதான் என் செக்ஷன். அது ஒண்ணும் ரகசியம் இல்லேன்னு தோணுது. உள்ள நிமிர்ந்து உக்கார இடம் இருக்காது, தெரியுமா? பையன் மணிக்கணக்கா அப்படியே கெடக்கணும். முதுகு போயிடும். சீட்டுக்கு அடியில ஒரு கம்பி வளைவு வரும். அத நான் கொஞ்சம் மாத்திச் சொன்னேன். இஞ்சினியர் ஒத்துக்கிட்டார்."

"நீங்க சொன்னதையா?"

"ஆமா. அப்புறம் வந்த எல்லாத்துலயும் அந்த வளைவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "இத மட்டும் எழுதிடாதே," என்றார்.

அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அந்த வளைவைப் பற்றி எழுதலாமா என்று பிறகு இரண்டு முறை கேட்டு, அனுமதி வாங்கித்தான் இங்கே எழுதுகிறேன்.

4

அன்றே குழுவுக்கு எழுதினேன். வீடு மாற வேண்டியிருக்கிறது, இப்படி ஒரு கேள்வி வந்திருக்கிறது, உங்கள் அப்பா அல்லது அம்மா உள்ளே என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

முதலில் வந்தது கோபம்தான். 'அவங்க யாரு நம்மள கேக்க? அந்த நாட்டுக்காரங்க செய்யாத டேங்க்கா?' என்று கனடாவிலிருந்து ஒருத்தன். 'டிராக்டர் பேக்டரினு போட்ரு, யாரு வந்து பாக்கப் போறாங்க' என்று ஒருத்தன். அதற்கு ஒரு தோழி, 'எங்கப்பா மறைக்கிற மாதிரி எதுவும் செய்யல. பொய் சொல்லித்தான் இடம் வாங்கணும்னா எனக்கு வேண்டாம்' என்று எழுதினாள். இரண்டு நாள் சண்டை. செல்வம் சொன்னபடியே அது தானாகத் தீர்ந்தது. ஏனென்றால் அதற்குள் ஒவ்வொருவராக அப்பாவுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

வருடக்கணக்காக 'பிறந்தநாள் வாழ்த்துகள்' தவிர வேறெதுவும் வராத குழு அது. இரண்டு வாரம் மடல்கள் கொட்டின. ஒருவன் அப்பா முப்பது வருடம் வண்டிகளின் மேல் எண் எழுதியிருக்கிறார். எட்டு எழுதுவதில் அவரை அடிக்க ஆள் இல்லையாம். ஒருத்தியின் அப்பா ஹாரன் பரிசோதித்தவர். 'டேங்க்குக்கு ஹாரன் உண்டா?' என்று நாற்பது பேர் கேட்டார்கள். உண்டாம். இன்னொருவனின் அம்மா உள்ளே இருந்த குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. கேன்டீனில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வடை போட்டவர் ஒருவர்.

மாலதி எழுதியது மட்டும் வேறு மாதிரி. 'இவர் அப்பாவும் இல்லை, இவரும் இல்லை. கேட்க யாரும் இல்லை. மாமனாரைப் பற்றி மாமியார் சொன்னது இவ்வளவுதான்: வேலை விட்டு வந்தால் சட்டையை உதறித்தான் உள்ளே விடுவேன், வாசலில் இரும்புத்தூள் மின்னும்.'

செல்வத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை. கடைக்குப் போய்க் கேட்டேன்.

"எங்கப்பன் பேக்டரிக்குள்ள கால வச்சதே இல்ல. சொவுத்துக்கு இந்தாண்ட நெல்லு நட்டுகினு இருந்தாரு. அதும் அடுத்தவன் நெலத்துல. நான் இன்னாத்த எய்த?"

"அதையே எழுது."

"அத்த போயி வெள்ளக்காரனுக்கு..."

"செல்வம், குழு ஆரம்பிச்சவனே நீதான். உன் அப்பா இல்லாம இந்தப் பட்டியல் போகாது."

கஸ்டமருக்கு ஆதார் அட்டையை லேமினேஷன் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, நின்றபடியே டைப் செய்தான். இரண்டே வரி. 'எங்க அப்பா முனியன். நாற்று நட்டால் கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கும்.'

5

இடையில் என் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழினிக்குப் பத்தொன்பது வயது, வேறு ஊரில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். நான் மழலையர் பள்ளியில் உதவியாளர். ஊரார் பிள்ளைகளிடம் நாளெல்லாம் ஜெர்மன் பேசிவிட்டு, என் பிள்ளையிடம் மட்டும் தமிழுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் கெஞ்சுவதை விட்டுவிட்டேன்.

போர் எதிர்ப்பு ஊர்வலங்களுக்குப் போகிறவள் அவள். தாத்தா 'வண்டித் தொழிற்சாலையில்' வேலை பார்த்தார் என்றுதான் அவளுக்குத் தெரியும். விஷயத்தைப் போனில் சொன்னதும், "ஏன் என்னிடம் சொன்னதில்லை?" என்றாள், ஜெர்மனில்தான்.

"தாத்தா உள்ள என்ன செஞ்சார்னு எனக்கே இப்பத்தான் தெரியும்."

அடுத்த நாள் அவளே அண்ணனூருக்குப் போன் போட்டாள். அம்மா ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தாத்தா, நீங்க டேங்க் செய்யறது பிடிக்குமா?"

அப்பா யோசித்தார். "வேலை பிடிக்கும் கண்ணு. அது எங்க போகும்னு நினைக்கப் பிடிக்காது."

"எனக்கும் பிடிக்காது."

"சரி. ரெண்டு பேருக்கும் பிடிக்கல. சாப்டியா?"

"சாப்டேன். நூடுல்ஸ். கெட்டது."

சாதம் கெட்டுப்போன மாதிரி அவள் சொல்லவும், அப்பா பதறிப்போய் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார். நூடுல்ஸ் உடம்புக்குக் கெடுதல் என்பதைத்தான் அவள் சொல்ல வந்தாள். இருபது நிமிடம் பேசினார்கள். நான் மாடிக்குப் போய்விட்டேன். குறுக்கே நின்று மொழிபெயர்க்க எனக்கு வாய் துறுதுறுத்தது, அதனால்.

6

விடுமுறை முடிந்து திரும்பினேன். செப்டம்பர் முதல் வாரம் பிரேமனில் கூட்டுறவின் மாதக் கூட்டம். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறை, பதினோரு பேர், கெட்டிலில் மூலிகைத் தேநீர். எங்கள் விஷயம் ஆறாவது. முதல் ஐந்துக்கே இரண்டரை மணி நேரம் ஆனது.

ஊட்டேயை நேரில் பார்த்தேன். எழுபது வயதை ஒட்டி இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி. இளவயதில் ராணுவ முகாமின் வாசலில் உட்கார்ந்து மறியல் செய்து, போலீஸார் தூக்கிக்கொண்டு போனவராம். கடுகடுப்பாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டது அவர்தான்.

"உங்கள் மீது எனக்கு ஒன்றும் இல்லை," என்றார். "ஆனால் ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் அடுத்தவருக்கு எப்படி மறுப்பது?"

நியாயமான கேள்வி. நான் மறைக்காமல் சொன்னேன். ஆமாம், எங்கள் அப்பாக்கள் டேங்க் செய்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம், நான் இங்கே வந்து நிற்பதும் அதில்தான். தொழிற்சாலைக்கும் குழுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் தொழிற்சாலை இல்லாவிட்டால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டோம். பிறகு மொழிபெயர்த்து வைத்திருந்த பட்டியலை வாசித்தேன். எண் எழுதியவர், ஹாரன்காரர், வடை போட்டவர், முனியன்.

படபடப்பில் அப்பாவின் பெயருக்கு வந்தபோது நாக்கு குழறியது. ஜெர்மனில் 'ஸிட்ஸ்' என்றால் இருக்கை, 'ஸிட்ஸுங்' என்றால் கூட்டம். "என் அப்பா முப்பத்தைந்து வருடம் கூட்டங்கள் செய்தார்," என்று சொல்லிவிட்டேன். "முதுகு வலிக்காத கூட்டங்கள்."

மூன்றாவது மணி நேரமாக மரநாற்காலியில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். பிறகு அறையே வெடித்தது. "அவரை உடனே இங்கே அழைத்து வாருங்கள்!" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். தேநீர் சிந்தியது. ஊட்டேகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது.

ஓட்டெடுத்தார்கள். ஏழு பேர் சம்மதம், இருவர் நடுநிலை, இருவர் எதிர்ப்பு. எதிர்த்த இருவரில் ஊட்டே ஒருவர்.

படியிறங்கும்போது அவரே பின்னால் வந்தார். "நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன். இன்றும் அதுதான் என் கருத்து. ஆனால் குழுக்களை இடம் மாற்றும் வேலை இங்கே என்னுடையது. நாளை மூன்று மணிக்கு வந்துவிடுங்கள்."

7

ஜெர்மன் சட்டப்படி ஒவ்வொரு உறுப்பினரும் ஓர் இணைப்பை அழுத்தித் தன் சம்மதத்தைச் சொன்னால்தான் புது வீட்டுக்குள் சேர்க்க முடியும். சமாச்சாரம் தெரிந்ததும் செல்வம் ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு முகாம் போட்டான். மெட்ரோவுக்காக அடைத்து வைத்த ரோட்டைத் தாண்டி, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்தெல்லாம் வந்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை மறந்தவர்கள்தான் பாதிப் பேர். அப்பாவும் போயிருக்கிறார், தனக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும், குழுவிலும் சேர வேண்டும் என்று.

"இன்னா நைனா பாஸ்வேர்டு வெக்கலாம்?" என்று செல்வம் கேட்டானாம்.

"அத உங்கிட்ட எப்படிப்பா சொல்ல முடியும்?" என்றாராம் அப்பா. ஒற்றை விரலால் அவரே அடித்து முடிக்கும் வரை கடையிலிருந்த எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்களாம்.

8

பழைய மடல்களில் ஒரு சிக்கல் இருந்தது. ஆரம்ப நாட்களில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தோம். ஒருவர் எழுதுவது மற்றவர் திரையில் கட்டங்களாகவும் கொக்கிகளாகவும் தெரியும். அந்த மடல்கள் இன்றும் அப்படியேதான் இருந்தன. "குப்பையைக் குப்பையாகவே நகர்த்த எனக்குப் பிடிக்காது," என்றார் ஊட்டே. எந்தக் கொக்கிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று நான் அட்டவணை எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வைத்து ஒரு நிரல் எழுதினார். மூன்று பிற்பகல்கள் ஆயின. ஒரு தமிழ் எழுத்தும் தெரியாமல், 'ளை'யில் கொம்பு தவறிய இடத்தை அவர்தான் கண்டுபிடித்தார்.

சோதித்துப் பார்க்க ஒரு மடல் வேண்டும் என்றார். மற்றவர்கள் எழுதியதை எடுக்கக் கூச்சமாக இருந்தது. நான் ஜெர்மனிக்கு வந்த முதல் நவம்பரில் எழுதியதை எடுத்தேன். கொக்கிகள் ஒவ்வொன்றாக எழுத்தாக மாறின.

'நண்பர்களே, வந்து பதினாறு நாளாகிறது. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. அவர் வேலைக்குப் போனால் பேச ஆளில்லை. இன்று காலையிலிருந்து நான் பேசியது ஒரே ஒரு வார்த்தை, ரொட்டிக் கடையில். யாராவது எதையாவது எழுதுங்கள். ஊரில் மழை பெய்கிறதா என்றாவது எழுதுங்கள். கலா.'

இதற்கு அன்று யாருமே பதில் போடவில்லை. ஆளுக்கொரு வேலை இருக்கும், என் புலம்பல் யாருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு வருடம் குழுவில் நான் எழுதவில்லை. என்னைத் தவிர வேறு யாராலும் அதைப் படிக்கவே முடிந்திருக்காது என்பது, அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஊட்டே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாய்மொழியாகச் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தேநீர் போட்டார். கண் கலங்கியிருந்ததால் திரையில் இருந்த பொத்தானைச் சரியாகப் பார்க்காமல் அழுத்தினேன். 'சேமி' என்று நினைத்தேன். அது 'எல்லோருக்கும் அனுப்பு'.

புது வீட்டில் எங்கள் குழுவின் முதல் மடலாக அது இருநூற்று எழுபது பேருக்குப் போனது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோதே பதில்கள் விழத் தொடங்கின. 'ஆவடியில் காலையில் தூறல், இப்போது இல்லை.' 'திருமுல்லைவாயலில் மேகமூட்டம்.' 'டொராண்டோவில் நல்ல வெயில், ஆனால் நீ ஊரைத்தான் கேட்டாய், அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்.' 'பட்டாபிராமில் மின்னல் அடிக்கிறது, துணியை எடுக்கப் போகிறேன். மாலதி.' செல்வம் எழுதியிருந்தான்: 'பூந்தமல்லில பகலெல்லாம் வெயிலு பொளந்துச்சி கலா, மெட்ரோ தூசி வேற. அன்னிக்கு எனக்குக் கட்டம் கட்டமா வந்துச்சி. நீ ஏதோ ஜெர்மன்ல எய்திக்கீறேன்னு நெனச்சி உட்டுட்டேன். தப்பா நெனச்சிக்காத.'

ஊட்டே தேநீரோடு வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். மடல்கள் நிற்கவில்லை. "இவர்கள் எல்லோரும் என்ன சொல்கிறார்கள்?" என்றார்.

"ஊரில் மழை பெய்கிறதா என்று சொல்கிறார்கள்."

அப்போது இன்னொன்று வந்தது. முகவரி எனக்குப் புதிது. ஒற்றை விரலால் அடித்தது என்று பார்த்ததும் தெரிந்தது.

'மழை இல்லை. மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். அப்பா.'

நூற்றுக்கு மேல் பதில் எழுத வேண்டியிருந்தது. அவருக்கு முதலில் எழுதினேன். இங்கே தூறுகிறது அப்பா, குடை கொண்டுவந்திருக்கிறேன் என்று.